கருமத்தம்பட்டி விபத்து: பாதி நின்ற போர்டும் ஒரு வீச்சுக் காற்றும்

2023 ஜூன் 1. கோவையிலிருந்து அவிநாசி போகும் சாலையில், கருமத்தம்பட்டி அருகே ராட்சத விளம்பரப் பலகை அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் மேலே இருக்கும்போதே பலத்த காற்று அடித்தது. இரும்புச் சட்டம் சரிந்தது. சேலத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். பலகைக்கு அனுமதி இல்லை என்பது பிறகு தெரியவந்தது.

அதன் பின் எழுந்த பேச்செல்லாம் அனுமதியைப் பற்றியே. அது தேவையான பேச்சுதான். ஆனால் சட்டத்தின் மேல் நிற்கும் ஃபிட்டருக்கு அனுமதிக் கடிதம் பிடிமானம் ஆகாது. அனுமதியுள்ள போர்டும் பாதி வேலையில் இதே மாதிரி சரியும். முழுதாக முடிந்து நிற்கும் போர்டுக்குத்தான் இஞ்சினியர் கணக்குப் போடுகிறார். பின்முட்டு (சட்டத்தைப் பின்னாலிருந்து தாங்கும் சாய்வுக் கால்) ஏறாத, நட்டு முறுக்காத, கான்கிரீட் இறுகாத அரைகுறை நிலைக்கு யாரும் போடுவதில்லை. ஆட்கள் மேலே இருப்பதோ அந்த நேரத்தில்தான்.

உயர வேலை என்றதும் எல்லார் வாயிலும் வருவது சேஃப்டி பெல்ட். தனியாக நிற்கும் ஹோர்டிங்கில் பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுவது? அதே சட்டத்தில்தான், வேறு இடம் கிடையாது. ஆள் வழுக்கினால் பெல்ட் காப்பாற்றும். சட்டமே சாய்ந்தால் ஆளைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவைத்துவிடும். அதனால் இந்த வேலையில் முதல் கேள்வி பெல்ட் அல்ல. இந்தச் சட்டம், இப்போது இருக்கும் நிலையில், இன்றைய காற்றுக்கு நிற்குமா என்பதுதான்.

காற்றின் கணக்கு

காற்றழுத்தத்துக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 875, மூன்றாம் பாகம். அதன் அடிப்படைச் சமன்பாட்டை மேஸ்திரியும் மனக்கணக்காகப் போடலாம். வினாடிக்கு இத்தனை மீட்டர் என்ற வேகத்தை அதே எண்ணால் பெருக்கி, 0.6 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும். 10 ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ. தட்டையான பலகைக்கு இன்னும் 1.2 மடங்கு சேர்த்துக்கொள்ளலாம்.

சாலையோரத்தில் சாதாரணமாகப் பார்க்கும் 40க்கு 20 அடி போர்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர். காற்று மணிக்கு 36 கி.மீ., அதாவது வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் அடித்தால் போர்டின் மேல் விழும் தள்ளு சுமார் 540 கிலோ. 54 கி.மீ. ஆனால் 1.2 டன். 72 கி.மீ. ஆனால் சுமார் 2.2 டன். வேகம் இரட்டித்தால் தள்ளு நான்கு மடங்காகிறது. "கொஞ்சம் காத்து கூடிருச்சு" என்று கீழே நிற்பவர் சொல்லும்போது மேலே இருக்கும் சுமை இரண்டு மடங்கு தாண்டியிருக்கும்.

அந்தத் தரம் கோவைக்குக் கொடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கி.மீ. சென்னைக்கு 50 மீட்டர். கோவை அளவிலேயே நம் 40க்கு 20 போர்டில் 8 டன்னுக்கு மேல் தள்ளு வரும். அதற்குத்தான் போர்டு நிற்கவேண்டும்.

மும்பை காட்கோபரில் 2024 மே 13 அன்று பெட்ரோல் பங்க் மேல் விழுந்து 17 பேரைக் கொன்ற போர்டு 120க்கு 120 அடி. மாநகராட்சியின் வரம்பு 40க்கு 40. மும்பையில் மணிக்கு 158 கி.மீ. காற்றுக்கு நிற்கவேண்டிய அந்தப் போர்டு 49 கி.மீ. காற்றுக்குத்தான் தாங்கும் என்று வீர்மாதா ஜீஜாபாய் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. அஸ்திவாரம் போதவில்லை. அது முடிந்து நின்ற போர்டு. பாதியில் நிற்பதற்கு இந்தத் தாங்குதிறனும் இருக்காது.

பின்முட்டு எங்கே?

அதே 40க்கு 20 போர்டு, அடிவிளிம்பு தரையிலிருந்து 20 அடியில் இருப்பதாக வைத்துக்கொண்டால், காற்றுத் தள்ளின் நடுப்புள்ளி 30 அடி உயரத்தில், அதாவது 9 மீட்டருக்கு மேல் இருக்கும். 72 கி.மீ. காற்றில் 2.2 டன் தள்ளு அந்த உயரத்தில் வேலைசெய்தால் அடியில் 20 டன்-மீட்டர் சுழற்று விசை. நான்கு கால்கள் என்றால் காலுக்கு 5.

பின்முட்டு இல்லாமல் இந்த 5ஐயும் பேஸ் பிளேட் (காலின் அடியில் போல்ட் போட்டுப் பிடிக்கும் தகடு) ஒன்றே தாங்கவேண்டும். பிளேட்டில் நான்கு போல்ட். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 300 மி.மீ. என்றால், இழுபடும் பக்கத்தில் உள்ள இரண்டு போல்ட்டும் சேர்ந்து 16 டன்னுக்கு மேல் பிடிக்கவேண்டும். ஒன்றுக்கு 8 டன். 4.6 தர 20 மி.மீ. போல்ட்டின் வடிவமைப்புத் தாங்குதிறன் 7 டன்தான். கோடை மழைக்கு முன்னால் வரும் ஒரு வீச்சே வரம்பைத் தாண்டிவிடுகிறது.

பின்னால் 10 அடி தள்ளிக் காலூன்றி, போர்டின் நடு உயரம்வரை ஏறும் முட்டு ஒவ்வொரு காலுக்கும் கொடுத்தால் கணக்கே மாறிவிடும். 20 டன்-மீட்டரை 3 மீட்டரால் வகுத்தால் 6.6 டன், நான்கு ஜோடிக்குப் பிரித்தால் காலுக்கு 1.7 டன் இழுவை. பத்து மடங்கு குறைவு. ஆனால் இந்த இழுவையைத் தரை பிடிக்கவேண்டும். 3 அடி சதுரம், 3 அடி ஆழக் கான்கிரீட் கட்டையின் எடை 1.8 டன். 72 கி.மீ. காற்றுக்கே அது இம்மியும் மிச்சமில்லாமல் சரியாகிவிடுகிறது. "மூணடி குழி போதும்" என்று குழி வெட்டுபவர் சொன்னால் எந்தக் காற்றுக்குப் போதும் என்று திருப்பிக் கேட்கவேண்டும்.

வேலையின் வரிசை இதிலிருந்துதான் வருகிறது. கால், பின்முட்டு, குறுக்குக் கட்டு, அதன் பிறகே முகச்சட்டம், கடைசியில் தகடோ ஃப்ளெக்ஸோ. நடைமுறையில் தலைகீழாகப் போவதற்குக் காரணம் உண்டு. முகம் ஏறினால்தான் விளம்பரக் கம்பெனி அடுத்த பில்லைத் தரும். முட்டு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. "பின்முட்டை நாளைக்கு வெல்டு வெச்சிக்கலாம்" என்ற பேச்சு வந்தால் ஆட்களைக் கீழே இறக்கிவிடுவது நல்லது. முட்டு வரும்வரை தற்காலிக ஸ்டே கம்பி (சட்டத்தைத் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பி) கட்டாயம்: முன்னும் பின்னும் இரண்டிரண்டு, 12 மி.மீ. எஃகு வடம், ஒவ்வொரு முனையிலும் மடக்கிய வடத்தைச் சேர்த்துப் பிடிக்கும் புல்டாக் கிளிப் மூன்று. கிளிப்பின் சேணப்பக்கம் சுமை ஏறும் வடத்தின் மேலும், யு-வளைவு வெட்டிய வால்முனையின் மேலும் உட்காரவேண்டும். மாற்றிப் போட்டால் யு-வளைவு சுமை வடத்தையே நசுக்கும்.

புதுக் கான்கிரீட் இன்னொரு சிக்கல். 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பலம்தான் வந்திருக்கும். அதற்கு முன் கால் நிறுத்தலாம், ஸ்டே கட்டலாம், முகத்தை மூடக்கூடாது.

பழைய சட்டத்தில் ஏறும் முன்

புதிதாக நிறுத்துவதை விடப் பழைய சட்டத்தில் ஃப்ளெக்ஸ் மாற்றும் வேலையே அதிகம். அதில் பார்க்கவேண்டிய இடம் மேலே இல்லை, தரையோடு தரையாக இருக்கிறது. கால் கான்கிரீட்டுக்குள் நுழையும் இடத்தில் மண், குப்பை, புல் எல்லாம் குவிந்திருக்கும். அதைக் கையால் ஒதுக்கவேண்டும். பெயின்ட் கொப்பளமாக எழும்பியிருக்கும். சுத்தியலால் தட்டினால் கணீர் என்று கேட்காமல் மொத்தென்று கேட்கும், துரு ஏடு ஏடாக உதிரும். 6 மி.மீ. தடிமன் ஆங்கிலில் ('எல்' வடிவ இரும்பு) இரு பக்கமும் 1 மி.மீ. போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டது. ஸ்க்ரூ டிரைவர் முனை உள்ளே இறங்கினால் அந்தச் சட்டத்தில் ஏறவே கூடாது. பூம் லிஃப்டிலோ (ஆளைக் கூடையில் வைத்துத் தூக்கும் வண்டி) தனிச் சாரத்திலோ நின்று பிரித்து இறக்கவேண்டியதுதான். குழாய்க் கால் இன்னும் மோசம். மேல்மூடி இல்லாத குழாயில் மழைநீர் இறங்கி உள்பக்கம் அரித்திருக்கும். வெளியே பெயின்ட் பளபளக்கும்.

ஃப்ளெக்ஸின் எடை ஒரு பொருட்டே இல்லை. 340 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 340 கிராம்) துணியில் 40க்கு 20 அடி என்றால் 25 கிலோ. ஆனால் அதன் நான்கு ஓரமும் கட்டப்பட்ட நொடியில் வெறும் கம்பிச் சட்டம் பாய்மரமாகிவிடுகிறது. அதுவரை காற்று உள்ளே புகுந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது முழுச் சுமையும் விழும். ஆட்கள் இன்னும் மேலேதான் இருப்பார்கள், கடைசி ஐலெட்டுகளை (துணியின் ஓரத் துளை வளையங்கள்) கட்டிக்கொண்டு.

கட்டும் முறையில் ஒரு எளிய மாற்றம் பெரிய வித்தியாசம் தரும். துணியைச் சுருட்டியபடியே மேலேற்றி, மேல்விளிம்பைக் கட்டி, இரண்டு அடிக்கு ஒரு முடிச்சாகப் பக்கங்களைக் கட்டிக்கொண்டே கீழே வரவேண்டும். முழுத் துணியையும் முதலிலேயே தொங்கவிட்டால் அது சாட்டை மாதிரி அடித்து ஆளையே தள்ளிவிடும். அடிவிளிம்பைப் பைண்டிங் வயரால் முறுக்கக்கூடாது. நைலான் கயிற்றில் உருவு முடிச்சாகப் போட்டு, வாலைத் தரையில் நிற்பவர் கைக்கு எட்டும்படி விடவேண்டும். காற்று திடீரென்று எழும்பினால் அவர் வாலை இழுப்பார், அடிவிளிம்பு விடுபடும், துணி படபடக்கும். படபடக்கும் துணியில் விழும் சுமை விறைத்த துணியில் விழுவதில் ஒரு சிறு பங்குதான். எல்லா ஆட்களும் இறங்கிய பிறகு, லிஃப்டிலிருந்தோ தரையிலிருந்தோ கடைசி முறுக்கைப் போட்டுக்கொள்ளலாம். மேலே இருப்பவர் இடுப்பில் ஒரு கொக்கிக் கத்தியும் இருக்கட்டும். ஃப்ளெக்ஸ் கிழிந்தால் மறுபடி அச்சடிக்க ஒரு நாள் ஆகும், அவ்வளவுதான்.

துணியில் பிறைப் பிறையாகக் கீறி ஓட்டை போட்டால் காற்று போய்விடும் என்று பரவலாக நம்புகிறார்கள். அது தரும் நிவாரணம் சொற்பம். காற்று விடவேண்டும் என்றால் வலைத்துணியில் அச்சடிக்கவேண்டும்.

கொங்கு நாட்டுக் காற்றுக்கென்று ஒரு குணம் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகும் மேற்குக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அதோடு ஏப்ரல், மே, ஜூன் தொடக்கத்தில் பிற்பகல் இடிமழை. மழைத்துளி விழும் முன்பே வீச்சுக் காற்று வந்துவிடும். அப்போது ஆள் இறங்க நேரம் இருக்காது. இந்த மாதங்களில் மேல்வேலையை விடியற்காலையில் தொடங்கி மதியத்தோடு முடிப்பது கோவைப் பக்கத்துக்கு ஏற்ற ஏற்பாடு.

கையடக்கக் காற்றுமானி இருந்தால் அளந்துவிடலாம். இல்லையென்றால் கண்ணே போதும். தரையில் புழுதியும் காகிதத் துண்டும் எழும்பினால் காற்று 20 கி.மீ. தாண்டிவிட்டது, துணி, தகடு எதையும் தூக்கக்கூடாது. பெரிய கிளைகள் ஆடி, ஈபி கம்பி விசிலடித்தால் 40 கி.மீ. அளவு, மேலே யாரும் இருக்கக்கூடாது, போர்டு உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் கீழேயும் யாரும் நிற்கக்கூடாது. பூம் லிஃப்ட் பலவற்றின் வரம்பு வினாடிக்கு 12.5 மீட்டர், மணிக்கு 45 கி.மீ. என்று அதன் தகட்டிலேயே எழுதியிருக்கும். அது வெறும் கூடைக்கு. கூடையில் 8க்கு 4 அடி ஏ.சி.பி. ஷீட்டை (அலுமினியக் கலப்புத் தகடு) நிமிர்த்திப் பிடித்தால் அந்த வரம்பு செல்லாது.

கட்டடத்தில் மாட்டும் போர்டு

கடை முகப்புப் பலகை சின்ன வேலை என்று தோன்றும். ஹோர்டிங்கில் தரை செய்யும் வேலையை இங்கே சுவர் செய்கிறது, சுவரை யாரும் சோதிப்பதில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலச் செங்கல். அதன் மேல் ஆங்கில் நட்டு 6 அடி போர்டு நிறுத்தினால் காற்று போர்டைத் தள்ளாது, போர்டை நெம்புகோலாக்கிச் சுவரைப் பெயர்க்கும். கான்கிரீட் பீம் அல்லது தூண் கிடைக்கும் இடம்வரை சட்டத்தை நீட்டிக்கொண்டுபோய்ப் பிடிப்பதே வழி.

ஆங்கர் ஃபாஸ்னர், அதாவது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட், கான்கிரீட்டுக்கானது. செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ அடித்தால் விரியும்போதே கல்லைப் பிளக்கும். முறுக்கும்போது நட்டு இறுகிக்கொண்டே போவதுபோலத் தோன்றி, திடீரென்று லேசாகிவிடும். அப்படி லேசான ஃபாஸ்னரை விட்டுவிட்டு, ஒரு சாண் தள்ளிப் புதுத் துளை போடவேண்டும். பூச்சின் தடிமனை ஆழக் கணக்கில் சேர்க்கக்கூடாது. துளைத் தூளை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதவேண்டும். தூள் இருந்தால் கெமிக்கல் ஆங்கர் (பசையால் ஒட்டிப் பிடிக்கும் போல்ட்) தூளோடுதான் ஒட்டும், கான்கிரீட்டோடு ஒட்டாது. விளிம்பிலிருந்து போல்ட் விட்டத்தைப் போல பத்து மடங்கு தள்ளி, 12 மி.மீ. என்றால் 120 மி.மீ. தள்ளி, துளை போடுவது பாதுகாப்பான பழக்கம்.

ஏணி நான்குக்கு ஒன்று. 4 அடி உயரத்துக்குக் கால் 1 அடி வெளியே, மேல்முனை ஏறும் இடத்தைத் தாண்டி 3 அடி. ஏணியில் நின்றுகொண்டு ஹாமர் டிரில்லை அழுத்தினால் சுவர் ஏணியைத் திருப்பித் தள்ளும். துளை போடும் வேலைக்குச் சாரம்தான்.

பெல்ட் விஷயத்தில் ஒரு கணக்கு மட்டும். லேன்யார்ட் (பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு) 1.8 மீட்டர், அதிர்வுதாங்கி விரிந்தால் இன்னும் 1.75 மீட்டர் வரை, ஆளின் உயரம் 1.5 முதல் 2, மிச்சம் 1. மொத்தம் 6 மீட்டர், 20 அடி. கடைப் போர்டு 12 அடியில் என்றால் பெல்ட் போட்ட ஆள் பெல்ட்டோடு தரையில் விழுவார். அந்த உயரத்துக்கு விளிம்புக்கே போகவிடாத குட்டைக் கயிறோ, தானே சுருளும் வகையோ வேண்டும். கொக்கி எப்போதும் தோளுக்கு மேல். விழுந்து தொங்குபவரைச் சில நிமிடங்களில் இறக்கவேண்டும். தொங்கினாலே ரத்த ஓட்டம் கெடும். எப்படி இறக்குவது என்பதை ஏறும் முன்பே முடிவுசெய்து, அதற்கான ஏணியைக் கீழே வைத்திருக்கவேண்டும்.

கம்பி

காற்றுக்கு அடுத்தது ஈபி லைன். 2020 செப்டம்பரில் ஆந்திரத்தின் குப்பம் பகுதியில், ஒரு நடிகரின் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் 25 அடி பேனர் நிறுத்தும்போது 3 பேர் இறந்தார்கள். 2023 ஜூலையில் நரசராவ்பேட்டை அருகே 2 பேர். 2024 ஜனவரியில் கர்நாடகத்தின் கதக் மாவட்டத்தில், இரவில் கட்டவுட் நிறுத்தும்போது 3 பேர். எல்லாம் ஒரே காரணம்: இரும்புச் சட்டம் மேலே போன மின்கம்பியைத் தொட்டது. தொழில் தெரியாத இளைஞர்கள் என்று ஒதுக்கிவிடமுடியாது. தொழில்காரர்களும் இதே மாதிரிதான் சட்டத்தை நிமிர்த்துகிறார்கள். ஒரே சட்டத்தை நான்கு பேர் பிடித்தால் நான்கு பேர் வழியாகவும் மின்சாரம் இறங்கும். ஒரே தொடுதலில் இரண்டு மூன்று உயிர் போவது அதனால்தான்.

25 அடி என்பது 7.6 மீட்டர். சாலையைக் குறுக்கே கடக்கும் 11 கே.வி. கம்பிக்கு விதிப்படி தரையிலிருந்து குறைந்தபட்ச உயரம் 6.1 மீட்டர். படுத்திருக்கும் சட்டத்தை அடியை ஊன்றி நிமிர்த்தும்போது அதன் முனை வில்லாக மேலேறும். முனை 6.1 மீட்டர் உயரத்தை எட்டும்போது அடியிலிருந்து இன்னும் 4.5 மீட்டர் தள்ளியிருக்கும். "லைன் அந்தப் பக்கம் இருக்கு, நாம இந்தப் பக்கம்" என்று நினைப்பவரின் சட்டம் அந்த வில்லில்தான் கம்பியைத் தொடுகிறது. அதனால் அடிக்கும் கம்பிக்கும் இடையே சட்டத்தின் முழு நீளமும், அதற்கு மேல் 3 மீட்டரும் இருக்கவேண்டும். 25 அடிச் சட்டத்துக்கு 35 அடி. இடம் இல்லையென்றால் தரையில் பூட்டி நிமிர்த்தாமல் துண்டு துண்டாக மேலே ஏற்றிப் பூட்டுவது, அல்லது மின்வாரியத்தில் எழுதிக்கொடுத்து லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தியதற்கான ஒப்புதல்) வாங்கி, லைன்மேன் இரு பக்கமும் எர்த் செய்த பிறகு தொடங்குவது. வாய்வார்த்தையில் "ஆஃப் பண்ணிட்டாங்க" என்பதை நம்பக்கூடாது.

கட்டடத்துக்கும் 11 கே.வி. கம்பிக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர் என்ற விதி இருக்கிறது. அது நிற்கும் சுவருக்குச் சொன்னது. கையில் 20 அடி ஜி.ஐ. பைப்போடு திரும்பும் ஆளுக்கு அந்த இடைவெளி போதவே போதாது. பால்கனிப் பக்கம் லைன் போகும் வீதிகளில் பைப்பை மாடிப்படி வழியாக ஏற்றவேண்டும், வெளியே கயிற்றில் இழுக்கக்கூடாது. ஈரக் கயிறும் ஈரமான ஃப்ளெக்ஸும் மின்சாரத்தைக் கடத்தும்.

தொட்டுவிட்டால், பிடித்தவரை இழுக்கப் போகிறவர் அடுத்த பலி. 11 கே.வி.க்கு மரக்கழி காப்பு ஆகாது. எல்லாரும் குறைந்தது 30 அடி விலகி, மின்வாரியத்துக்கும் 108க்கும் சொல்லி, லைன் செத்தது உறுதியான பிறகே நெருங்கவேண்டும். மூச்சில்லை என்றால் நெஞ்சழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல்.

போர்டுக்குள் இருக்கும் மின்சாரம் தனி. எல்.இ.டி. 12 வோல்ட் என்றாலும் எஸ்.எம்.பி.எஸ். (மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி) வரை வருவது 230. இரும்புச் சட்டத்துக்கு எர்த், லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்), இரண்டும் இல்லாமல் இணைப்புக் கொடுக்கக்கூடாது. அடுத்த வருஷம் அதே சட்டத்தில் ஃப்ளெக்ஸ் மாற்ற ஏறுபவர் மழையில் நனைந்த இரும்பைத்தான் வெறுங்கையால் பிடிப்பார்.

வேலை முடிந்த நாளில் முறுக்கிய நட்டுகள் முதல் பெருங்காற்றில் உட்கார்ந்து தளர்ந்துவிடும். ஒவ்வொரு நட்டின் மேலும் பிளேட்டின் மேலுமாக ஒரே பெயின்ட் கோடு இழுத்துவைத்தால், ஒரு மாதம் கழித்துக் கீழே நின்று பார்த்தே எது திரும்பியிருக்கிறது என்று தெரியும்.